யாருக்கு இழப்பீடு? இங்கிலாந்து மாளிகைகளும் அடிமை வணிகத்தின் கணக்கும்



நினைவுச் சொற்பொழிவு என்பது மறைந்தவரைப் போற்றுவதோடு முடிந்துவிடுவதில்லை. யாருடைய நினைவைக் கல்லில் செதுக்குகிறார்கள், யாருடைய நினைவு மண்ணோடு மண்ணாகப் போகிறது என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்வியை இன்று கடல் கடந்து எடுத்துச் செல்லப் போகிறோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள சில பெரிய மாளிகைகளின் கதையைப் பேசப் போகிறோம்.

சேரியின் விடுதலையைப் பேசும் அரங்கில் வெள்ளைக்காரப் பிரபுக்களின் மாளிகைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நம் முன்னோடிகள் அப்படி நினைக்கவில்லை. ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, கறுப்பின மக்களை அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கை ஆக்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1946இல் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டார். அடிமை முறையின் வரலாற்றைத் தீண்டாமையின் வரலாற்றோடு சேர்த்துப் படிப்பது நம் மரபிலேயே உள்ளது. நாம் அந்த வழியில் இன்னும் கொஞ்ச தூரம் நடக்கிறோம், அவ்வளவுதான்.

சொல்லைப் பற்றி ஒன்று. 'தாழ்ந்தவர்' என்ற சொல்லை மறுத்து 'தாழ்த்தப்பட்டவர்' என்று எழுதப் போராடியவர்கள் நாம். ஒரு வினைவிகுதி குற்றவாளி யார் என்பதைக் காட்டிவிடும். ஆகவே 'அடிமைகள்' என்று சொல்லாமல், இயன்றவரை 'அடிமைப்படுத்தப்பட்டவர்கள்' என்றே சொல்வோம்.

சர்க்கரை எப்படி மாளிகை ஆனது

16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடல் வழியே கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர். இவர்களில் சுமார் 31 லட்சம் பேரை ஏற்றியவை பிரிட்டிஷ் கப்பல்கள். அந்த 31 லட்சத்தில் உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 27 லட்சம். மீதி நாலு லட்சம் பேருக்குக் கடலே இடுகாடு.

கரை சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் தள்ளப்பட்டார்கள். கரும்பு காத்திருக்காத பயிர். வெட்டியதும் ஆட்ட வேண்டும், ஆட்டியதும் காய்ச்ச வேண்டும். அறுவடைக் காலத்தில் ஆலையும் கொப்பரையும் இரவு பகலாக ஓடின. தூக்கக் கலக்கத்தில் உருளைக்குள் கை சிக்கினால் வெட்டி எடுப்பதற்கென்று ஆலைக்குப் பக்கத்தில் கோடரி வைத்திருந்தார்கள். ஜமைக்கா போன்ற தீவுகளில் பிறப்பைவிட இறப்பு அதிகம். அதனால்தான் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. இந்தக் கொடுமைக்குச் சட்டமும் துணை நின்றது. 1661இல் பார்படோஸ் சட்டமன்றம் இயற்றிய அடிமைச் சட்டம் மற்ற ஆங்கிலேயத் தீவுகளுக்கும் முன்மாதிரி ஆனது.

இப்படி வந்த பணம் ஏன் இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் மாளிகையாக எழுந்தது? வியாபாரத்தில் சேர்த்த காசுக்கு அங்கே முழு மரியாதை கிடையாது. நிலம் வேண்டும், நிலத்தின் நடுவே மாளிகை வேண்டும், சுற்றிலும் குடியானவர்கள் வேண்டும். அன்றைய விதிப்படி நாடாளுமன்றத்தின் மக்களவையில் அமர்வதற்கே நிலவருமானம் தகுதியாக இருந்தது. சர்க்கரைப் பணம் நிலமானது, நிலம் நாடாளுமன்ற இருக்கை ஆனது, அந்த இருக்கை சர்க்கரைத் தோட்டங்களுக்குக் காவல் நின்றது. மாளிகையை வெறும் ஆடம்பரம் என்று பார்த்தால் பாதிதான் புரியும். அடிமை முறையைச் சட்டமாகக் காப்பாற்றிய அதிகாரம் குடியிருந்த வீடு அது.

ஹேர்வுட்: கடன் பத்திரத்தின் மேல் எழுந்த வீடு

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். யார்க்‌ஷயரில் லீட்ஸ் நகரத்துக்கு வடக்கே ஹேர்வுட் மாளிகை இருக்கிறது. 1759இல் அடிக்கல் நாட்டினார்கள், 1771இல் குடிபுகுந்தார்கள். கட்டுவித்தவர் எட்வின் லாஸெல்ஸ். அவருடைய தந்தை ஹென்றி லாஸெல்ஸ் 1730களின் இறுதியில் வாங்கிய நிலத்தில்தான் அது நிற்கிறது.

ஹென்றி பார்படோஸின் பிரிட்ஜ்டவுன் துறைமுகத்தில் சுங்க வரி வசூலிக்கும் அதிகாரியாக இருந்தவர். கடற்படைக்கு உணவுப் பொருள் வழங்கும் ஒப்பந்தமும் அவரிடம் இருந்தது. ஆள் பிடித்து விற்கும் கப்பல்களில் முதலீடு செய்தார். எல்லாவற்றையும்விட, அவர் தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்தார்.

இந்தக் கடனின் வேலையைப் புரிந்துகொள்ள நமக்குப் பொருளாதாரப் பாடம் தேவையில்லை. மிராசுதார் வீட்டுக் கணக்கை அறிந்தவர்கள் நாம். தோட்டக்காரர் லண்டன் வியாபாரியிடம் கடன் வாங்கி ஆட்களை வாங்குவார். அந்த ஆட்களையும் நிலத்தையும் அதே வியாபாரியிடம் அடமானம் வைப்பார். விளைந்த சர்க்கரை அவர் வழியாகவே சந்தைக்குப் போகும். அதில் தரகு, அதன் மேல் வட்டி. அமெரிக்க விடுதலைப் போர் கரீபிய வணிகத்தைக் குலைத்தபோது பல தோட்டக்காரர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமானம் மூழ்கியது. 1773 முதல் 1787 வரையிலான காலத்தில் பார்படோஸ், ஜமைக்கா, கிரெனடா, டொபேகோ ஆகிய தீவுகளில் 27,000 ஏக்கருக்கு மேல் லாஸெல்ஸ் குடும்பத்தின் கைக்கு வந்தது. நிலத்தோடு ஏறத்தாழ 3,000 மனிதர்களும் வந்தார்கள். ஏர், மாடு, பாத்திரம் வருகிற மாதிரி ஒரே பத்திரத்தில் வந்தார்கள்.

இன்று அந்த மாளிகையைப் பார்க்கப் போகிறவருக்கு எத்தனையோ பெயர்கள் சொல்லப்படும். கட்டடம் யார்க் நகரத்து ஜான் காருடையது. உள் அலங்காரம் ராபர்ட் ஆடம். மேசை நாற்காலிகள் தாமஸ் சிப்பன்டேல். புல்வெளியையும் ஏரியையும் வடிவமைத்தவர் 'கேப்பபிலிட்டி' பிரவுன். அந்தக் காலத்து இங்கிலாந்தின் உயர்ந்த மரச்சாமான்கள் மஹோகனி மரத்தால் ஆனவை. ஜமைக்காவிலும் ஹோண்டுராஸ் கடற்கரையிலும் காட்டுக்குள் போய் அந்த மரத்தை வெட்டி ஆற்றில் உருட்டியவர்கள் அடிமைப்படுத்தப்பட்டவர்கள். இழைத்தவர் பெயர் கலை வரலாற்றில் இருக்கிறது. வெட்டியவர் பெயர் எங்கே இருக்கிறது?

பெயர்கள் கிடைக்கும் இடம்

அவர்களுடைய பெயர்களும் எழுதப்பட்டன. சரக்குப் பட்டியலில் எழுதப்பட்டன. 1807இல் ஆள் கடத்தும் வணிகத்தை பிரிட்டன் தடை செய்த பிறகு, கள்ளத்தனமாகப் புதிய ஆட்களைக் கொண்டுவருவதைத் தடுப்பதற்காகத் தீவுதோறும் பதிவேடுகள் தொடங்கப்பட்டன. பார்படோஸிலும் ஜமைக்காவிலும் 1817 முதல் உள்ள பதிவேடுகளில் பெயர், வயது, நிறம், ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவில் பிறந்தவரா என்ற விவரம் எல்லாம் இருக்கின்றன. தோட்டத்து மதிப்பீட்டுப் பட்டியல்களில் பெயருக்கு நேரே விலையும் இருக்கும். முதிர்ந்தவர், நோயாளி என்றால் அந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று குறித்திருப்பார்கள்.

எஜமானர்கள் விளையாட்டாகச் சூட்டிய பெயர்கள் அவற்றில் நிறைய. சாட்டையடி வாங்குகிறவருக்கு சீசர் என்று பெயர், பாம்ப்பே என்று பெயர். மனிதரைக் கேலிப் பொருளாக்கும் பெயர்சூட்டல் நம் ஊர்களுக்குத் தெரியாததா? ஆனால் அதே பட்டியல்களில் கட்ஜோ, ஃபீபா, குவாமினா என்ற பெயர்களும் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் அகான் மக்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடுவார்கள். கட்ஜோ திங்கட்கிழமை பிறந்தவன், ஃபீபா வெள்ளிக்கிழமை பிறந்தவள், குவாமினா சனிக்கிழமை பிறந்தவன். கடல் கடந்து, சங்கிலி கடந்து, ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கிழமையின் பெயரை வைத்திருக்கிறாள். எஜமானின் கணக்கப்பிள்ளை அதன் பொருள் தெரியாமலேயே எழுதி வைத்திருக்கிறான். ஒடுக்குகிறவனின் ஆவணத்திலிருந்தே ஒடுக்கப்பட்டவரின் வரலாற்றை மீட்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இழப்பீடு யாருக்குக் கிடைத்தது

1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பாடப்புத்தகங்கள் இதை வில்பர்ஃபோர்ஸ் போன்றவர்களின் கருணைக் கதையாகச் சொல்கின்றன. அந்த இயக்கத்தின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1816இல் பார்படோஸில் புஸா என்பவரின் பெயரால் அறியப்படும் கிளர்ச்சி நடந்தது. 1823இல் டெமராராவில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்தார்கள். 1831 கிறிஸ்துமஸ் காலத்தில் ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப் தலைமையில் வேலைநிறுத்தமாகத் தொடங்கியது பெரும் எழுச்சியானது. ஷார்ப்பை 1832 மே மாதம் தூக்கிலிட்டார்கள். அவருக்கு முன்னும் பின்னும் 300 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. கீழே நெருப்பு எரியாமல் மேலே பானை கொதிக்கவில்லை.

சட்டம் வந்தது, இழப்பீடும் வந்தது. 2 கோடி பவுண்டு. அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு. அது முழுவதும் உடைமையாளர்களுக்கு. தங்கள் 'சொத்தை' இழந்ததற்காக அவர்களுக்கு. சுமார் 8 லட்சம் பேர் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஒரு காசு இல்லை, ஒரு சென்ட் நிலம் இல்லை. அதற்கும் மேலாக, 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் பழைய எஜமானிடமே கூலியின்றி உழைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. 1838 ஆகஸ்ட் 1 வரை அது நீடித்தது. அதாவது விடுதலையின் விலையில் ஒரு பங்கை அடிமைப்படுத்தப்பட்டவர்களே தங்கள் உழைப்பால் கட்டினார்கள்.

ஹேர்வுட் பிரபுவுக்கு 1,277 மனிதர்களுக்காக 26,309 பவுண்டு கிடைத்தது. தலைக்கு சராசரியாக 20 பவுண்டுக்குச் சற்று மேல்.

இந்தத் தொகையைக் கொடுக்க அரசு 1835இல் ஒன்றரைக் கோடி பவுண்டு கடன் வாங்கியது. அந்தக் கடன் வேறு கடன்களோடு சேர்ந்து உருமாறி 2015இல்தான் முழுமையாக அடைபட்டது. 2018இல் பிரிட்டிஷ் கருவூலமே இதைப் பெருமையாக வெளியிட்டு, கண்டனம் எழுந்ததும் பதிவை நீக்கியது. எண்ணிப் பாருங்கள். 1948இல் 'விண்ட்ரஷ்' கப்பல் வந்ததிலிருந்து பிரிட்டனில் குடியேறிப் பேருந்து ஓட்டிய, மருத்துவமனையில் வேலை செய்த கரீபிய மக்கள் கட்டிய வரியிலும் இந்தக் கடனுக்கான பங்கு போயிருக்கிறது. தங்கள் பாட்டனை அடிமையாக வைத்திருந்தவனுக்கான இழப்பீட்டைப் பேரன் கட்டி முடித்திருக்கிறான்.

அந்த இழப்பீட்டுக் கோப்புகள்தான் இன்று பெரிய ஆயுதமாகியிருக்கின்றன. யாருக்கு எத்தனை பேர் சொந்தம், எந்தத் தோட்டம், எவ்வளவு தொகை என்று ஒவ்வொரு கோரிக்கையும் பதிவாகியிருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கேத்தரின் ஹால், நிக்கோலஸ் டிரேப்பர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009இல் தொடங்கிய திட்டம் இவற்றைத் திரட்டி 2013இல் பொதுவெளியில் வைத்தது. பணம் வாங்குவதற்காக எஜமானர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம், அவர்கள் பேரப்பிள்ளைகளின் மௌனத்தை உடைத்துவிட்டது.

பென்ரின்: ஒரே பணம், இரண்டு தேசம்

வேல்ஸின் வடக்கே பேங்கர் நகருக்கு அருகில் பென்ரின் கோட்டை இருக்கிறது. பார்த்தால் ஆயிரம் ஆண்டுப் பழமையான கோட்டை போலத் தெரியும். உண்மையில் அது 1820க்குப் பிறகு தாமஸ் ஹாப்பர் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பியது. புதுப் பணம் பழைய வேடம் போட்டிருக்கிறது.

பென்னன்ட் குடும்பத்துக்கு 17ஆம் நூற்றாண்டு முதல் ஜமைக்காவில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ரிச்சர்ட் பென்னன்ட் காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே அடிமைப்பட்டுக் கிடந்தார்கள். அவர் ஜமைக்கா மண்ணை மிதித்ததே இல்லை. கடிதம் எழுதியே தோட்டத்தை நடத்தினார். மாடுகளையும் மனிதர்களையும் ஒரே வரியில் வைத்து எழுதினார். லிவர்பூலின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து அடிமை வணிகத் தடையை எதிர்த்தார். சர்க்கரை லாபத்தைக் கொண்டு தன் வேல்ஸ் நிலத்தில் ஸ்லேட் கல் சுரங்கத்தை வளர்த்தார், சாலை போட்டார், துறைமுகம் கட்டினார். தொழில் நகரங்களின் கூரைகளுக்கு அந்தக் கல் போனது. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் ஹே டாக்கின்ஸ் பென்னன்ட்தான் கோட்டையைக் கட்டியவர். 764 மனிதர்களுக்காக அவர் பெற்ற இழப்பீடு 14,683 பவுண்டு.

கதை இங்கே முடியவில்லை. அந்தச் சுரங்கத்தில் கல் உடைத்த வேல்ஸ் தொழிலாளர்கள் 1900 நவம்பரில் தங்கள் சங்க உரிமைக்காக வேலையை நிறுத்தினார்கள். சுமார் 2,800 பேர். மூன்று ஆண்டுகள் அந்தப் போராட்டம் நீடித்தது. பெதெஸ்டா என்ற அந்த ஊரில் 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று அச்சிட்ட அட்டையைச் சன்னலில் மாட்டினார்கள். 1903இல் பசி அவர்களைத் தோற்கடித்தது. ஊர் இரண்டாகப் பிளந்தது. பென்ரின் பிரபு இறங்கி வரவில்லை.

இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். சுரங்கத் தொழிலாளியும் தோட்டத்தில் அடிமைப்படுத்தப்பட்டவரும் ஒன்று என்று சொன்னால் அது பொய். தொழிலாளிக்குக் கூலி இருந்தது. ஊரை விட்டுப் போகும் உரிமை இருந்தது. அவர் பிள்ளை அவருடைய பிள்ளையாக இருந்தது. அட்டையை மாட்டுவதற்கு ஒரு சன்னல் இருந்தது. 'எல்லாரும் உழைப்பாளிகள்தானே' என்று சொல்லி சாதியை மறைக்கும் பேச்சை நாம் கேட்டுச் சலித்தவர்கள். வர்க்கம் என்ற ஒரே போர்வையால் எல்லாவற்றையும் மூட முடியாது. ஆனால் ஒருவனை மனிதனாகக் கருதாமல் சேர்த்த செல்வம், இன்னொருவனை மனிதனாக மதிக்காமல் இருக்கும் வலிமையையும் முதலாளிக்குக் கொடுக்கிறது. ஜமைக்காவும் பெதெஸ்டாவும் பேசிக்கொள்ள வேண்டிய இடம் அதுதான்.

பலகையில் என்ன எழுதுவது

நீண்ட காலம் இந்த மாளிகைகளின் அறிவிப்புப் பலகைகளில் தோட்டங்களைப் பற்றிய பேச்சே இல்லை. 'மேற்கிந்தியத் தொடர்பு', 'சர்க்கரை வணிகம்' என்று சில இடங்களில் மழுப்புவார்கள். டைரம் பார்க் மாளிகையில் சங்கிலியிட்ட இரண்டு கறுப்பு மனிதர்கள் மண்டியிட்டு ஏந்தும் தாங்கிகளே அலங்காரப் பொருளாக இருந்தன. கண்ணுக்கு முன்னால் இருந்தும் காணப்படவில்லை.

2020 ஜூன் 7 அன்று பிரிஸ்டலில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை மக்கள் சாய்த்துத் துறைமுகத்தில் தள்ளினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், பழம்பெரும் மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பில் உள்ளவற்றில் 93 இடங்களுக்கு அடிமை முறையோடோ காலனியாட்சியோடோ தொடர்பு உண்டு என்று அது சொன்னது. சிலையைத் தள்ளியபோது எழுந்த கோபத்தைவிட, இந்த அறிக்கைக்கு எழுந்த கோபம் நமக்கு அதிகப் பாடம் சொல்கிறது. எதையும் இடிக்கவில்லை, எதையும் அகற்றச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்கள். அதற்கே ஆளும் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்கள் கண்டனக் கடிதம் எழுதினார்கள். அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையம் விசாரித்து, சட்டமீறல் எதுவும் இல்லை என்று 2021இல் முடிவு சொன்னது.

எதிர்த்தவர்கள் சொன்ன முதன்மையான வாதம் நமக்குப் பழக்கமானது: 'அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள்.' எல்லாரும் என்றால் யார்? குவாமினா அப்படி இருக்கவில்லை. சாமுவேல் ஷார்ப் அப்படி இருக்கவில்லை. ஒவ்வொரு கப்பலிலும் சோறு தண்ணீர் மறுத்தவர்கள் அப்படி இருக்கவில்லை. அடிபட்டவர்களை 'எல்லாரும்' என்ற சொல்லில் சேர்க்காமல் இருந்தால்தான் அந்த வாக்கியம் நிற்கும்.

மாற்றமும் நடந்திருக்கிறது. ஹேர்வுட்டின் இன்றைய பிரபு தன் குடும்பச் செல்வத்தின் மூலத்தை வெளிப்படையாகப் பேசுகிறார். பிரபுக்களின் ஓவியங்கள் தொங்கும் அந்தச் சுவர்களுக்கு நடுவே கரீபிய வழிவந்தவர்களின் உருவப்படங்களும் இடம்பெறத் தொடங்கியுள்ளன. லீட்ஸ் நகரத்துக் கரீபியத் திருவிழாவைத் தொடங்கிய ஆர்தர் ஃபிரான்ஸின் படம் அவற்றுள் முதலாவது. 2023இல் டிரெவெல்யன் குடும்பத்தினர் கிரெனடாவிலும், கிளாட்ஸ்டன் குடும்பத்தினர் கயானாவிலும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்கள். கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு 2014இல் பத்து அம்ச ஈடுசெய் கோரிக்கையை முன்வைத்தது. முதல் அம்சமே முறையான, முழுமையான மன்னிப்பு. தனிக் குடும்பங்கள் தலைகுனிகின்றன. கடன் வாங்கி எஜமானர்களுக்கு அள்ளிக் கொடுத்த அரசு இன்னும் முறையாக மன்னிப்புக் கேட்கவில்லை.

நம் கரையைத் தொடும் நூல்கள்

இந்தக் கதை நம் கரையையும் தொடுகிறது. சோழமண்டலக் கரையில் நெய்து நீலச் சாயம் ஏற்றிய துணிக்கு வணிகர்கள் 'கினி துணி' என்றே பெயர் வைத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்குவதற்கு அது விலையாகச் சென்றது. நெய்த கைகளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

சற்றுமுன் சொன்ன டிரெவெல்யன் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான் 1859-60இல் சென்னை ஆளுநராக இருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன். நார்தம்பர்லாந்தில் உள்ள வாலிங்டன் மாளிகை பின்னாளில் அவருக்கு வந்தது. ஜான் கிளாட்ஸ்டன் பெற்ற இழப்பீடு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். டெமராரா எழுச்சி தொடங்கியது அவருடைய தோட்டத்தில்தான். ஸ்காட்லாந்தில் ஃபாஸ்க் மாளிகை அவருடையது. பயிற்சிக் காலம் முடிந்தால் ஆளுக்கு எங்கே போவது என்று யோசித்து, 1838இல் கல்கத்தாவிலிருந்து இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கயானாவுக்கு வரவழைத்ததில் முன்நின்றவரும் அவரே. சில ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. கயானாவில் இன்றும் மாரியம்மனுக்கு எடுக்கும் கரகம் அந்தக் கப்பல்களில் போனது.

நம் தெற்கு மாவட்டங்களில் பள்ளியும் கோயிலும் கட்டிய எஸ்.பி.ஜி. மிஷன், 1710 முதல் பார்படோஸில் காட்ரிங்டன் என்பவர் எழுதிவைத்த தோட்டங்களுக்கு உடைமையாளர். அங்கே அடிமைப்படுத்தப்பட்டவர்களின் நெஞ்சில் அந்தச் சங்கத்தின் பெயரைச் சூடு போட்டிருக்கிறார்கள். 2006இல் இங்கிலாந்துத் திருச்சபை இதற்காக மன்னிப்புக் கேட்டது. அந்த மிஷன் பள்ளிகளில் நம்மவர்கள் பெற்ற எழுத்தறிவை நாம் மறக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் பக்கங்கள் என்பதை அறிந்தே நன்றி சொல்வோம்.

எல்லாவற்றிலும் நமக்கு நெருக்கமானது 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆம் பிரிவு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும், இலங்கைக்கும், செயின்ட் ஹெலினா தீவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்றது அது. தஞ்சையிலும் செங்கற்பட்டிலும் பறையரும் பள்ளரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்படுவதும் அடமானம் வைக்கப்படுவதும் கம்பெனிக்குத் தெரியும். 1819இலேயே சென்னை வருவாய் வாரியம் இதுபற்றி அறிக்கை தொகுத்திருந்தது. தெரிந்தே விலக்கினார்கள். 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்காது என்று மட்டும் சொன்னது. அடிமையாக வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம் ஆனது 1860இன் தண்டனைச் சட்டத்தில்தான். கரீபியத்தில் எஜமானனுக்காவது கணக்கு எழுதினார்கள். இங்கே விடுதலை என்று ஒரு நாளும் அறிவிக்கப்படவில்லை, யாரை விடுவித்தோம் என்று ஒரு பட்டியலும் எழுதப்படவில்லை. பண்ணையாள் பண்ணையாளாகவே தொடர்ந்தான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

மாணவ நண்பர்களே, ஹேர்வுட்டும் பென்ரினும் நமக்குக் கற்றுத்தருவது ஒரு முறையை. மாளிகையை இடித்தால் சாட்சியும் போய்விடும். மாளிகையை ரசித்துவிட்டு வந்தால் குற்றத்தில் பங்காளி ஆவோம். மூன்றாவது வழி அதன் கணக்கைக் கேட்பது. இந்தத் தூணுக்கு யார் பணம், அந்தப் பணம் யார் முதுகு, அந்த மனிதருக்குப் பெயர் என்ன என்று வரிசையாகக் கேட்பது.

பஞ்சமி நிலப் போராட்டத்தில் நாம் செய்ததும் இதுதான். 1892இல் ஒதுக்கப்பட்ட நிலம் எங்கே போனது என்று உணர்ச்சியாக மட்டும் கேட்டிருந்தால் அதிகாரிகள் சிரித்திருப்பார்கள். 'அ' பதிவேட்டையும் செட்டில்மென்ட் பதிவேட்டையும் காட்டிக் கேட்டபோதுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தூசி படிந்து கிடக்கும் வருவாய் வாரியக் கோப்புகளில் நம் பாட்டன் பூட்டன்மார் இருக்கிறார்கள். கோயில் கணக்குகளிலும், பழைய அடமானப் பத்திரங்களிலும், மிராசு வீடுகளின் பரணிலும் இருக்கிறார்கள். நெல் மரக்கால் கணக்கில் ஒரு வரியாக, பாகப்பிரிவினையில் ஒரு பங்காக இருக்கிறார்கள். எழுதியவன் அவர்களைச் சொத்து என்று எழுதினான். நாம் அவர்களை முன்னோர் என்று வாசிக்க வேண்டும்.

நம் ஊர்களிலும் பெரிய வீடுகள் இருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் பெல்ஜியக் கண்ணாடியுமாகச் சுற்றுலாத் துறை படம் போடுகிறது, திரைப்படக்காரர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள். தஞ்சையின் பண்ணை வீடுகளில் எந்த வாசல் வழியாக யார் வரலாம், யார் கொல்லைப்புறத்தோடு நிற்க வேண்டும் என்பது அந்தத் தலைமுறையில் உயிரோடு இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை எழுதியவர்கள் இதுவரை ஒரு பக்கத்தை மட்டுமே வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

பிரிட்டனில் அந்த மறுபக்கத்தை வாசிக்க ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின. கரீபிய மக்கள் விடாமல் கேட்டதால்தான் அதுவும் நடந்தது. நாம் கேட்கத் தொடங்கிவிட்டோம். நிறுத்தப் போவதில்லை.

ஜெய்பீம்.